மாதாவுக்கு ஒன்னு

கடைசி நட்டையும் இறுக்கி முடித்த பிறகு மதலைமுத்து உடனே ஸ்பேனரை எடுத்துவிடுவதில்லை. கால்களைச் சற்று அகட்டி வைத்துக்கொள்வார். மூச்சை ஒருமுறை இழுத்துப் பிடிப்பார். "மாதாவுக்கு ஒன்னு" என்று சொல்லி, தோள், இடுப்பு, ஐம்பத்து நான்கு வயது எல்லாவற்றையும் சேர்த்து ஓர் இழுப்பு இழுப்பார். நட்டு லேசாக முனகும். அதற்குப் பிறகுதான் வண்டி பட்டறையை விட்டு வெளியே போகும்.

செஞ்சியில் திண்டிவனம் சாலைப் பக்கம் கார், வேன் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த இழுப்பின் மேல் அபார நம்பிக்கை. "முத்தண்ணே, மாதாவுக்கு ஒன்னு போட்டாச்சா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் சாவியை வாங்குவார்கள். திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற வண்டியானாலும் சரி, மேல்மலையனூர் அமாவாசைக்கு ஆள் ஏற்றிப் போகிற வேனானாலும் சரி, கடைசி இழுப்பு மாதாவுக்குத்தான். இதில் எந்தச் சாமிக்கும் மனத்தாங்கல் வந்ததாகத் தெரியவில்லை.

முன்பக்கம் பட்டறை இப்படி நடக்க, பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் வேறொரு வேலை நடக்கிறது. பழைய சின்னக் கார்களின் எஞ்சினை எடுத்து, துணிச் சிறகு வைத்த சின்ன விமானத்தில் பூட்டுவதற்குத் தோதாக மாற்றித் தருகிறார் மதலைமுத்து. ஒருவரோ இருவரோ மட்டும் உட்காரக்கூடிய விமானம் அது. முறையாக அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பறந்துவிட்டு வருகிறவர்கள் இந்த மாநிலத்திலும் பக்கத்து மாநிலத்திலும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அதற்கென்றே செய்த வெளிநாட்டு எஞ்சின் உண்டு; அதன் விலையைக் கேட்டால் பறக்கிற ஆசையே தரையிறங்கிவிடும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்படிப் பறக்கிறவர்களில் ஒருவரான ராமகிருஷ்ணன் என்ற ஓய்வுபெற்ற பொறியாளரின் கார் இந்தச் சாலையில் நின்றுபோனது. மதலைமுத்து பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவது சிலிண்டர் தூங்குது சார்" என்றார். தூங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காதைப் பார்த்து மயங்கிய ராமகிருஷ்ணன் அடுத்த மாதமே ஒரு பழைய மாருதி எண்ணூறு எஞ்சினோடு வந்து இறங்கினார். அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை மதலைமுத்து இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "கார் மக்கர் பண்ணா ஓரங்கட்டலாம் முத்து. மேல ஓரங்கட்ட எடம் கெடையாது."

காரிலிருந்து இறக்கிய எஞ்சினுக்கு அவர் கொடுக்கும் முதல் வைத்தியம் பட்டினி. கியர் பாக்ஸ் போகும், கிளட்ச் போகும், ஏசிக்கு உண்டானது எல்லாம் போகும். ஃப்ளைவீல் என்கிற கனத்த சக்கரத்தைக் கடைசலுக்குக் கொடுத்து இளைக்க வைப்பார். பிறகு எக்ஸெல் வண்டியின் பின்னால் எஞ்சினைக் கட்டிக்கொண்டு, நிலக்கடலை வியாபாரம் நடக்கும் மல்லாட்டை மண்டிக்குப் போய், மூட்டை எடை போடும் தராசில் ஏற்றுவார். மண்டிக்காரர்கள் மல்லாட்டையை நிறுத்திவிட்டு எஞ்சினைச் சுற்றி நிற்பார்கள். எடை முந்திய தடவையைவிட அரைக் கிலோ குறைந்திருந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ அவருடைய செலவு.

முதல் எஞ்சினின் கதையைச் சொல்லாமல் விட்டால் மேல்மலையனூர் வேன்காரர் பாவாடை வருத்தப்படுவார். எஞ்சின் நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்று சுற்றினால்தான் அதற்கு வலு வரும். விமானத்தின் முன்னால் இருக்கும் மர விசிறியோ அதில் பாதி வேகம்தான் சுற்ற வேண்டும். புரொப்பல்லர் என்று அதற்குப் பெயர் இருந்தாலும் மதலைமுத்துவுக்கு அது ஃபேன். வேகத்தைக் குறைக்க இரண்டு பல்சக்கரங்களைக் கடித்த மாதிரி பொருத்தினார். ஒரு சக்கரம் வலப்பக்கம் சுற்றினால் அதைக் கடித்துக்கொண்டிருக்கும் சக்கரம் இடப்பக்கம் சுற்றும் என்பது முப்பது வருஷ மெக்கானிக்குக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு மறந்துவிட்டது. எஞ்சினைச் சக்கர வண்டியில் ஏற்றி, முன்னால் பாய்ந்துவிடாமல் பின்பக்கத்தை வேப்பமரத்தில் கயிற்றால் கட்டி, தெருவே வேடிக்கை பார்க்க ஸ்டார்ட் செய்தார். வண்டி கயிற்றைத் தொளதொளக்கவிட்டுப் பின்பக்கமாகப் போய் வேப்பமரத்தில் மோதி நின்றது.

"முத்தண்ணே, உன் பிளேனு ரிவர்ஸ்லயே டெல்லிக்குப் பூடுமா?" என்று பாவாடை கேட்டார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மதலைமுத்து பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பல் வைத்த பெல்ட்டுக்கு மாறிவிட்டார்; பெல்ட்டில் இரண்டும் ஒரே பக்கம் சுற்றும். கயிறு மட்டும் இப்போதும் இரண்டு பக்கமும் கட்டுகிறார்.

எஞ்சின் தயாரானதும் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் தரிசில், இரும்புத் தாங்கியில் பூட்டி நூறு மணி நேரம் ஓட்டுவது அவர் வைத்திருக்கும் சட்டம். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். மாதாகோயில் பூசை நேரத்திலும் பள்ளிக்கூடப் பரீட்சைக் காலத்திலும் ஓட்டமாட்டார். ஓடும்போது எஞ்சினுக்குப் பக்கத்தில் நிற்கவும் மாட்டார். ஃபேன் காற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது என்று முந்நூறு அடி தள்ளிப் போய், எஞ்சினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செஞ்சிக் கோட்டை இருக்கும் ராஜகிரி மலையைப் பார்த்து நிற்பார். மலையில் பட்டுத் திரும்பி வரும் சத்தத்தில்தான் எஞ்சினின் குறை தெரியும் என்பது அவர் கட்சி. பறக்கிற நண்பர்கள் யாரும் இதை ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் அப்படி நின்றபடியே இரண்டு தடவை பழுதைக் கண்டுபிடித்திருக்கிறார், அதனால் யாரும் வாதாடுவதும் இல்லை.

இதைவிடப் பெரிய விசித்திரம் நகப்பூச்சு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கும் சுமலதாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கிரீஸ் கையோடு வந்து, "வெயில்ல உரியாத செகப்பா ஒன்னு குடும்மா" என்று மாதம் ஒரு பாட்டில் வாங்கிப் போகிற மனிதரை என்னவென்று நினைப்பது? அவர் மனைவி ஸ்டெல்லா கடைக்கு வந்தபோது அவளுடைய விரல்களை நன்றாக உற்றுப் பார்த்தாள். பத்து விரலிலும் பூச்சு இல்லை. "அக்கா, ஒன்னு கேட்டா தப்பா நெனைக்கமாட்டியே?" என்று ஆரம்பித்தாள். ஸ்டெல்லா சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

நகப்பூச்சு போல்ட்டுகளுக்கு. ஒரு போல்ட்டை அளவாக இறுக்கிய உடனே அதன் தலையிலிருந்து கீழே இருக்கும் தகட்டுக்கு ஒரு சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். போல்ட் பிற்பாடு கடுகளவு நகர்ந்தாலும் கோடு இரண்டாக ஒடிந்து காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சின் ஓடி நின்றதும் டார்ச் அடித்து ஒவ்வொரு கோடாகப் பார்ப்பார். இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மின்விசிறியில் கோடு, கிரைண்டரில் கோடு, குக்கர் கைப்பிடியில் கோடு. "ஒருநாளு தூக்கத்துல என் கழுத்துலயும் கோடு போடப்போறாரு, தல திரும்பியிருக்குதான்னு பாக்க" என்பது ஸ்டெல்லாவின் புகார்.

அளவாக இறுக்குவது என்று சொன்னோம். மதலைமுத்துவின் வாழ்க்கையில் இருக்கும் ஒரே சண்டை அதுதான். முதல் எஞ்சினின்போதே ராமகிருஷ்ணன் ஒரு டார்க் ரென்ச் கொடுத்திருந்தார். வேண்டிய அளவுக்கு இறுகியதும் அது 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும்.

"டிக் கேட்டதும் கைய எடுத்துடணும் முத்து. அதுக்கு மேல ஒரு மயிரிழை கூடாது."

"அப்ப மாதாவுக்கு?"

"மாதா டிக்கோட திருப்திப்பட்டுக்குவாங்க."

விஷயம் இவ்வளவுதான். அளவுக்கு மேல் இழுபட்ட போல்ட் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். உள்ளுக்குள் சோர்ந்துபோயிருக்கும். என்றைக்கு முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. காரின் சக்கரத்தில் நாலு நட்டு உண்டு, ஓரங்கட்ட இடமும் உண்டு. அங்கே ஓர் இழுப்பு கூடினால் குடி முழுகிவிடாது. விமானத்தில் அப்படி விட முடியாது. மதலைமுத்துவின் புத்தி இதை ஒரே நாளில் ஏற்றுக்கொண்டது. கை ஏற்றுக்கொள்ளவில்லை. முப்பது வருஷமாக மாதாவுக்கு இழுத்த கை, டிக் சத்தத்துக்குப் பிறகும் ரென்ச்சை விடாமல் இன்னும் ஓர் இழுப்புக்குப் பார்க்கும். அதற்காக ஒரு வழி வைத்திருந்தார். டிக் கேட்டதும் ரென்ச்சைத் தட்டில் போட்டுவிட்டுக் கையைப் பாண்ட் பாக்கெட்டுக்குள் நுழைத்துக்கொள்வார்.

இப்படியே இரண்டு எஞ்சின்கள் போய்ப் பறந்துகொண்டிருக்கின்றன. ராமகிருஷ்ணன் அழைத்தார் என்று ஒருமுறை விமானத் தளத்துக்கும் போய் வந்தார். தன் எஞ்சின் மேலேறியபோது எல்லோரும் வானத்தைப் பார்க்க, இவர் கண்ணை மூடிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கீழே வந்ததும் டார்ச்சோடு ஓடினார். "நீயும் ஒரு ரவுண்டு வாயேன்" என்று கூப்பிட்டதற்கு, "எனக்கு இன்னாத்துக்கு சார், நான் கீழ இருந்தாத்தான் நல்லா கேக்குது" என்றுவிட்டார். அவருக்கு அதில் குறையொன்றும் இல்லை.

மூன்றாவது எஞ்சின் வளர்மதிக்கு. ஓசூரில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் வளர்மதி, மூன்று வருஷமாகத் தன் கையால் ஒரு ஒற்றை இருக்கை விமானத்தைக் கட்டி முடித்திருந்தாள். எஞ்சின் மட்டும்தான் பாக்கி. போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பிக்கப் வண்டியோடு வந்து இறங்கினாள். திங்கட்கிழமை விமானத்தைப் பார்வையிட அதிகாரி வருகிறார். நாலு மாதம் அலைந்து வாங்கிய தேதி. எஞ்சின் பூட்டாத விமானத்தை அவர் பார்க்கமாட்டார்.

எஞ்சின் நூறு மணி நேரத்தைப் புதன்கிழமையே முடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில்தான் எல்லா போல்ட்டுகளுக்கும் கடைசித் தடவையாக ரென்ச் வைத்து டிக் பார்த்திருந்தார். மதலைமுத்துவுக்கு ஒரே சந்தோஷம். சட்டை மாற்றியிருந்தார். ஒவ்வொருவருக்கும் காட்டுவதுபோல வளர்மதிக்கும் டார்ச் அடித்துக் கோடுகளைக் காட்டிக்கொண்டே வந்தார். கடைசியாக, பெல்ட் ஓடும் பல்சக்கரத்தை எஞ்சினோடு பிணைக்கும் ஆறு போல்ட்.

"பாத்துக்குங்க மேடம். ஒன்னு. ரெண்டு. மூணு. நாலு."

அஞ்சு என்று வாயில் வரவில்லை.

ஐந்தாவது போல்ட்டின் கோடு ஒடிந்திருந்தது. அரைக் கடுகு அளவு. தளரும் பக்கம் நகரவில்லை. இறுகும் பக்கம் நகர்ந்திருந்தது. போல்ட் தானாக இறுகிக்கொள்ளாது. மதலைமுத்துவுக்கு உடனே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்று தை அமாவாசை. காலையில் நாலு போல்ட் முடித்து, ஐந்தாவதற்கும் டிக் பார்த்துக் கோடு இழுத்து முடித்த நேரத்தில் வாசலில் பாவாடையின் வேன் ஹாரன் அடித்தது. மலையனூருக்கு ஆள் ஏற்றியாயிற்று, சக்கரம் ஆடுகிறது என்றார் பாவாடை. மதலைமுத்து போய் நாலு சக்கரத்துக்கும் நட்டு இறுக்கி, நாலு தடவை மாதாவுக்கு இழுத்துவிட்டு, கையில் அதே ஸ்பேனரோடு திரும்பி வந்து, விட்ட இடத்தில் தொடர்ந்திருக்கிறார். கை ஐந்தாவதிலும் மாதாவுக்கு ஒன்று இழுத்துத் தன் வேலையைக் காட்டிவிட்டது.

வளர்மதி கோட்டைப் பார்க்கவில்லை. அவள் பிக்கப்காரரிடம் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நகப்பூச்சுப் பாட்டில் மேசையிலேயே இருந்தது. ஒரு துடைப்பு, ஒரு புதுக்கோடு, விஷயம் முடிந்துவிடும். அந்த போல்ட் நிற்கவும் நிற்கும், பத்து வருஷம்கூட நிற்கும். ஊரில் ஓடுகிற எத்தனை வண்டியில் அவருடைய இழுப்பு இருக்கிறது, ஒன்றாவது முறிந்ததா? பறக்கிறவர்கள் ஊருக்கு ஊர் பேசிக்கொள்கிறவர்கள். செஞ்சிக்காரர் கை நிதானமில்லாத கை என்று ஒரு பேச்சு கிளம்பினால் நாலாவது எஞ்சின் இந்தக் கொட்டகைக்கு வராது. இவ்வளவையும் மதலைமுத்து நினைத்தார். நினைத்ததை மறைக்க அவருக்குத் தெரியாது.

"மேடம், எஞ்சினு இன்னிக்கு வராது."

"என்ன சொல்றீங்க?"

"அஞ்சாவது போல்ட்ல என் கை பட்டுடுச்சு."

வளர்மதி குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த அரைக் கடுகு அவள் கண்ணுக்குத் தட்டுப்பட்டது. "இறுக்கமாத்தானே ஆகியிருக்கு? லூஸ் ஆகலையே?"

"லூசா இருந்தாலும் பரவால்ல மேடம், டைட்டு பண்ணிக்கலாம். இது எவ்ளோ இழுபட்டுச்சுன்னு எனக்கே தெரியாது."

"சரி, அந்த ஒன்னை மட்டும் மாத்திக் குடுங்க. நான் வெயிட் பண்றேன்."

"ஒன்னு மாத்துனா ஆறும் மாத்தணும். பெங்களூர்லருந்து வரணும். வந்து பூட்டுனப்புறம் பத்து மணி நேரம் ஓடணும்."

வளர்மதி பிக்கப்பின் மேல் சாய்ந்துகொண்டாள். "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது மேடம்."

"இப்ப உங்களை நான் என்ன சொல்றது?"

"திட்டிடுங்க மேடம். அதான் சரி."

திட்டினாள். நன்றாகவே திட்டினாள். உங்கள் கைப் பழக்கத்துக்கு என் நாலு மாதம் பலியா என்றாள். இதெல்லாம் ஒரு பட்டறையா என்றாள். மதலைமுத்து கையைப் பாக்கெட்டுக்குள் வைத்தபடி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வெறும் பிக்கப் திண்டிவனம் சாலையில் ஏறிப் போயிற்று.

"ஏங்க, அந்தப் பொண்ணு கண்ணத் தொடச்சிக்கினு போவுது. இன்னா சொன்னீங்க?" என்று ஸ்டெல்லா வந்து கேட்டாள்.

"உள்ளதத்தான் சொன்னேன்."

"கருவாட்டுக் கொழம்பு வெச்சிருந்தேன். சாப்டுட்டுப் போகச் சொல்லியிருக்கக்கூடாதா?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருஷமாக ஊர் மெச்சிய கை, ஒரு பொம்பளப்பிள்ளையின் கண்ணைத் துடைக்க வைத்துவிட்டதே என்று நினைத்தபடி சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டதும் கொஞ்சம் தேவலையாயிற்று. மூன்றாவது வாய்க்குக் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் இந்தக் குழம்பு தொண்டையில் இறங்கியிருக்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று பிற்பகல் பட்டறையில் வெல்டிங் பொறி பறந்தது. கொட்டகை வாசலில் நிற்கும் இரும்புத் தூணில், இடுப்பு உயரத்தில், பழைய லாரி போல்ட் ஒன்றைப் பற்ற வைத்து, அதில் ஒரு பெரிய நட்டை மாட்டினார். அது எதையும் எதோடும் பிணைக்கவில்லை. மலையனூரிலிருந்து திரும்பிய பாவாடை அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னாத்துக்கு முத்தண்ணே, மாடு கட்டவா?" என்று கேட்டார். மதலைமுத்து, "இருக்கட்டுமே" என்றார். பெங்களூரிலிருந்து புது போல்ட்டுகள் வந்தன. ஆறுக்கும் டிக் கேட்டது. ஆறு கோடும் விழுந்தன. எஞ்சின் பத்து மணி நேரம் ஓட, அவர் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்து வாரம் கழித்து வளர்மதி அதே பிக்கப்பில் வந்தாள். மூஞ்சியில் பழைய கோபம் பாதிதான் இருந்தது.

"எஞ்சின் ஏன் இல்லன்னு அதிகாரி கேட்டார். மெக்கானிக் தன் கை மேல தானே புகார் குடுத்துட்டார்னு சொன்னேன். அடுத்த வாரத்துக்குத் தேதி போட்டிருக்கார்."

"நல்ல மனுசன்" என்றார் மதலைமுத்து. டார்ச்சை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அவள் குனிந்து, ஒன்று முதல் ஆறு வரை தானே எண்ணிப் பார்த்தாள். ஒரு கோடும் ஒடியவில்லை. ஸ்டெல்லா இந்தத் தடவை விடவில்லை, சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள். எஞ்சினை ஏற்றி, நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினார்கள். பிக்கப்காரர் கதவைச் சாத்தினார்.

வளர்மதி முன்சீட்டில் ஏறப் போனவள், ஒரு காலை மேலே வைத்தபடி திரும்பினாள்.

"முத்தண்ணா, மாதாவுக்கு ஒன்னு போட்டாச்சா?"

கேலியா நிஜமா என்று அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். இரண்டும் இல்லை, சும்மா கேட்டாள். மதலைமுத்து மேசையிலிருந்த பழைய ஸ்பேனரை எடுத்தார். எஞ்சின் இருந்த பக்கம் போகவில்லை. கொட்டகை வாசல் தூணுக்குப் போய், லாரி நட்டில் ஸ்பேனரை மாட்டி, கால்களை அகட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து, தகரக் கூரை அதிரும்படி ஓர் இழுப்பு இழுத்தார்.